நாவல் பெயர், படப் பெயர், பாட்டுப் பெயர்: செய்தியில் எப்படி எழுதுவது?

“நாஞ்சில் நாடனின் தலைகீழ் விகிதங்கள் சொல்ல மறந்த கதை ஆனது.”

இந்த வரியை அந்த நாவலையும் படத்தையும் கேள்விப்படாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஏதோ விகிதக் கணக்கு தலைகீழாகப் போய்விட்டது, அதை யாரோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். ஆனால் அந்த வரி சொல்ல வந்தது ரொம்ப எளிய செய்தி. 1977-ல் வந்த ‘தலைகீழ் விகிதங்கள்’ என்ற நாவலைத் தங்கர் பச்சான் 2002-ல் ‘சொல்ல மறந்த கதை’ என்ற பெயரில் படமாக்கினார், அவ்வளவுதான். பெயர்களைச் சுற்றி வர வேண்டிய குறிகள் இல்லாமல் போனதால் செய்தியே வேறு ஒன்றாகிவிட்டது.

குமரி மாவட்டத்தில் இது அன்றாடப் பிரச்சினை. எழுத்தாளர்கள் இவ்வளவு நெருக்கமாக வாழ்ந்த, வாழ்கிற மாவட்டம் இது. நூலக விழா, வாசகர் வட்டம், கல்லூரி ஆண்டு மலர், ஆலயத் திருவிழா மலர், வாட்ஸ்அப் செய்திக் குழு என்று எதை எடுத்தாலும் ஒரு நாவல் பெயரோ படப் பெயரோ பாட்டின் முதலடியோ வந்துவிடும். ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள். ஒருவர் எழுத்தைத் தடிப்பாக்குகிறார், ஒருவர் சாய்க்கிறார், ஒருவர் இரட்டைக் குறி போடுகிறார், ஒருவர் எதுவுமே போடுவதில்லை. ஏன் என்று கேட்டால் ‘அது அவரவர் விருப்பம்’ என்று ஒரு பதில் வரும், ‘பெரிய புத்தகம், ஒரு மரியாதைக்குத்தான்’ என்று இன்னொரு பதில் வரும். இரண்டுமே சரியில்லை. இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால் விதிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

குறியின் வேலை என்ன?

அடுத்தடுத்து இரண்டு தென்னந்தோப்புகள் இருக்கின்றன, நடுவில் ஒரு எல்லைக்கல் நிற்கிறது. அந்தக் கல்லால் தேங்காய் கூடுதலாகக் காய்க்கப் போவதில்லை, தோப்பின் விலையும் ஏறாது. இன்னாருடைய நிலம் இங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. கல் பிடுங்கப்பட்டால்தான் வழக்கு வரும். தலைப்பைச் சுற்றி வரும் குறியும் இப்படித்தான். ஒரு படைப்பின் பெயர் இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது, இதற்குள் இருக்கும் சொற்களை என் வாக்கியத்தின் சொற்களாக வாசிக்காதீர்கள் என்று வாசகருக்குச் சொல்கிறது.

படைப்பு என்று இங்கே சொல்வது ஒருவர் ஆக்கிப் பெயர் வைத்த எதையும்தான்: நாவல், சிறுகதை, கவிதை, படம், நாடகம், பாட்டு, ஓவியம், தொலைக்காட்சித் தொடர்.

தமிழில் இந்த எல்லை கூடுதலாகவே தேவைப்படுகிறது. ஆங்கிலத்தில் பெயர் என்றால் முதலெழுத்து பெரிதாகிவிடும், கண்ணுக்கு உடனே ஒரு அடையாளம் கிடைத்துவிடும். நம் எழுத்தில் பெரியது சிறியது என்ற பேதமே கிடையாது. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் நாவல் பெயரும் மற்ற சொற்களைப் போலவேதான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதோடு நம் எழுத்தாளர்கள் வைக்கிற பெயர்கள் பலவும் நாம் தினமும் பேசுகிற சொற்கள்தாம். “ரப்பர் எங்கள் பகுதி வாழ்க்கையை மாற்றிக் காட்டியது” என்று ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த குலசேகரத்திலிருந்து ஒருவர் எழுதினால் அது மரத்தைப் பற்றியா, 1990-ல் வந்த ஜெயமோகனின் நாவலைப் பற்றியா? குலசேகரத்துக்காரர் எழுதியது என்றால் பத்தில் ஒன்பது பேர் மரம் என்றே எடுத்துக்கொள்வார்கள். “சுந்தர ராமசாமி ஒரு புளியமரத்தின் கதை எழுதினார்” என்பதும் இதே மாதிரி. ‘ஒரு’ என்பதும் அந்தப் பெயருக்குள் அடக்கம் என்று குறி போட்டால்தான் தெரியும்.

சுந்தர ராமசாமியின் 1981-ஆம் வருட நாவலை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’. பெயருக்குள்ளேயே புள்ளி இருக்கிறது, முக்காற்புள்ளி இருக்கிறது. குறி போடாமல் “நேற்று கூட்டத்தில் பேசப்பட்டது ஜே.ஜே: சில குறிப்புகள் மட்டும் இங்கே” என்று எழுதினால், ஜே.ஜே. என்ற ஒருவரைப் பற்றிப் பேசினார்கள், அதிலிருந்து சில குறிப்புகளைத் தருகிறார்கள் என்றுதான் எவரும் வாசிப்பார்கள்.

இதுவரை சொன்னதில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: குறி அலங்காரத்துக்கும் இல்லை, மரியாதைக்கும் இல்லை, பெயரின் எல்லையைக் காட்டத்தான்.

சாய்வெழுத்து எங்கிருந்து வந்தது?

ஆங்கிலப் புத்தகங்களில் நாவல் பெயர்கள் வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதற்குச் சாய்வெழுத்து என்று பெயர், கணினியில் இட்டாலிக் என்போம். பெயரிலேயே இத்தாலி இருக்கிறது. வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற பதிப்பாளர் 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை அச்சுக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து இத்தாலியர்களின் கையெழுத்தைப் பார்த்து வார்த்த அச்செழுத்து அது. சாதாரண எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்த்ததில்லை, வடிவமே வேறு. பிற்பாடு ஐரோப்பிய அச்சில் நேரெழுத்துக்கு நடுவே ஒரு பெயரையோ வேற்றுமொழிச் சொல்லையோ பிரித்துக் காட்ட அது கைகொடுத்தது.

தமிழ் அச்சில் அப்படி ஒரு கிளை வளரவில்லை. இத்தனைக்கும் அச்சில் நாம் பிந்தியவர்கள் இல்லை. ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் நமக்குப் பக்கத்தில் கொல்லத்தில் அச்சானது. நாகர்கோவிலிலேயே லண்டன் மிஷனரி சங்கத்தின் அச்சகம் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனாலும் சாய்ந்த தமிழ் எழுத்து என்று தனி வடிவம் புழக்கத்துக்கு வரவில்லை. இன்று கணினியில் சாய்வு பொத்தானைத் தட்டினால் வருவது நேரெழுத்தையே இயந்திரம் ஒரு பக்கமாகத் தள்ளியதுதான். ‘ணை’, ‘ளை’ மாதிரியான சுழிகள் நெருங்கிக்கொள்ளும், மெய்யின் புள்ளி விலகி அடுத்த எழுத்தின் தலைக்குப் போகப் பார்க்கும், கைப்பேசித் திரையில் கண் வலிக்கும். தமிழில் தலைப்பைச் சாய்க்காதீர்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஆங்கிலத்தில் அது அழகான வழக்கம். நம் எழுத்துக்கு ஒத்துவரவில்லை.

ஆங்கிலப் பத்திரிகைக்காரர்களே எல்லாரும் சாய்ப்பதில்லை

பலருக்குத் தெரியாத சங்கதி இது. ஆங்கிலத்தில் இரண்டு பெரிய வழக்கங்கள் உண்டு. ஒன்று பல்கலைக்கழகங்களும் புத்தகப் பதிப்பாளர்களும் பின்பற்றுவது. அதில் முழு நூல், முழுப் படம் என்றால் சாய்வெழுத்து. அதற்குள் அடங்கிய கவிதை, சிறுகதை, கட்டுரை என்றால் மேற்கோள்குறி. இன்னொன்று செய்தி நிறுவனங்களின் வழக்கம். அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் 1846-ல் தொடங்கிய செய்தி நிறுவனம். அதன் நடைக்கையேடு, அதாவது எந்தச் சொல்லை எப்படி எழுத வேண்டும் என்று நிருபர்களுக்குச் சொல்லும் விதிப்புத்தகம், உலகம் முழுக்கப் பல செய்தி அறைகளில் மேசை மேல் இருக்கும். அது நாவல், படம், பாட்டு எல்லாவற்றுக்குமே மேற்கோள்குறிதான் போடச் சொல்கிறது, சாய்வெழுத்து கிடையவே கிடையாது. காரணம் தொழில்நுட்பம். தந்திக் கம்பியிலும் பிறகு டெலிபிரிண்டரிலும் செய்தி போன காலத்தில் எழுத்தை அனுப்பலாம், எழுத்தின் சாய்வை அனுப்ப முடியாது. மேற்கோள்குறியோ ஒரு எழுத்தைப் போலவே தனியாகப் பயணிக்கும்.

கம்பி போய்விட்டது, காரணம் போகவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லின் இருபுறமும் அடிக்கோடு போட்டால் சாய்கிறது, நட்சத்திரக் குறி போட்டால் தடிக்கிறது. அதே செய்தியை எடுத்து இன்னொரு செயலியில் ஒட்டிப் பாருங்கள். ஒன்று சாய்வும் தடிப்பும் காணாமல் போயிருக்கும், இல்லாவிட்டால் அந்த நட்சத்திரங்கள் மட்டும் அநாதையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். சாய்வும் தடிப்பும் எழுத்துக்கு மேலே போட்ட சட்டை மாதிரியான வெறும் தோற்றம். மேற்கோள்குறி எழுத்துவரிசையிலேயே ஓர் உறுப்பு, ‘அ’வையும் ‘க’வையும் போல அதற்கென்று தனி இடம் கணினியில் இருக்கிறது. நகலெடுத்தாலும் குறுஞ்செய்தியில் அனுப்பினாலும் வேறு எழுத்துருவுக்கு மாற்றினாலும் கூடவே வரும். தடித்த எழுத்துக்கு இன்னொரு குறையும் உண்டு: செய்தியின் தலைப்பு வரியே தடிப்பாக இருக்கும்போது அதற்குள் வரும் படப் பெயரைத் தடிப்பாக்கி என்ன பயன்?

ஒற்றையா, இரட்டையா?

தமிழ் நாளிதழ்களிலேயே இரண்டு விதமும் இருக்கிறது. எனக்குக் கேட்டால் தலைப்புக்கு ஒற்றை மேற்கோள்குறி, ஒருவர் பேசிய பேச்சுக்கு இரட்டை மேற்கோள்குறி. பேச்சுக்குள் தலைப்பு வரும்போது இதன் சௌகரியம் தெரியும்:

“எங்க அம்மா படிச்ச முதல் நாவல் ‘புத்தம் வீடு’தான்” என்றார் அவர்.

எது பேச்சு, எது பெயர் என்று பார்த்தவுடன் தெரிகிறது. உங்கள் பத்திரிகையில் எல்லாவற்றுக்கும் இரட்டைதான் வழக்கம் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரே செய்தியில் முதல் பத்தியில் ஒற்றை, மூன்றாம் பத்தியில் இரட்டை என்று மாறக்கூடாது. வாசகர் அந்த வித்தியாசத்துக்கு ஏதோ அர்த்தம் இருப்பதாக நினைத்துத் தேடுவார்.

காற்புள்ளி எங்கே போட வேண்டும் என்ற கேள்வியும் இதோடு தீர்ந்துவிடும். அமெரிக்க ஆங்கிலத்தில் காற்புள்ளியை மேற்கோள்குறிக்குள்ளேயே வைப்பார்கள், அதைப் பார்த்து இங்கேயும் சிலர் வைக்கிறார்கள். காற்புள்ளி நாவலின் பெயரில் இல்லை, நம் வாக்கியத்தில்தான் இருக்கிறது. அதனால் வெளியே.

தமிழுக்கே உரிய சிக்கல்: உருபு எங்கே ஒட்டுவது?

எந்த ஆங்கிலக் கையேட்டைப் புரட்டினாலும் இதற்கு விடை கிடைக்காது, ஏனென்றால் அவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. தமிழில் பெயர்ச்சொல்லின் பின்னால் ஐ, ஆல், கு, இன், இல் என்று ஒட்டிக்கொண்டு வரும் துணுக்குகளை வேற்றுமை உருபு என்கிறோம். இவை வந்து ஒட்டும்போது பல சொற்களின் வடிவமே மாறிவிடும். காடு என்பது காட்டை, காட்டில் ஆகிறது. வீடு என்பது வீட்டை ஆகிறது. அறம் என்பது அறத்தை ஆகிறது.

ஆகவே “ஜெயமோகனின் காட்டை வாசித்தேன்” என்று எழுதினால் ‘காடு’ என்ற பெயர் அந்த வரியில் எங்குமே இல்லை. ‘காட்டை’ என்று குறி போட்டாலும் தீராது, ஏனென்றால் ‘காட்டை’ என்று ஒரு நாவல் கிடையாது. அந்த நாவலைப் பற்றிக் கேள்விப்படாத மாணவர் இதைப் பார்த்துவிட்டு நூலகத்தில் போய் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பார்? இணையத்தில் எதைத் தட்டித் தேடுவார்?

மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, உருபைக் குறிக்கு வெளியே ஒட்டுவது: ‘சாய்வு நாற்காலி’யை, ‘ஒரு புளியமரத்தின் கதை’யில். பெயர் இகரத்திலோ ஐகாரத்திலோ முடியும்போது இது அழகாக வரும், நடுவில் வரும் யகரத்தையும் சேர்த்து வெளியே விட்டுவிட்டால் போதும். இரண்டாவது, பெயர் மெய்யெழுத்தில் முடியும்போதும் இப்படியே ஒட்ட முயல்வது: ‘ரப்பர்’ஐ, ‘தலைமுறைகள்’இல். வாய்விட்டு வாசிக்கவே முடியாது, இதைச் செய்யாதீர்கள். மூன்றாவதுதான் எப்போதும் கைவிடாத வழி. பெயருக்குப் பின்னால் அது என்ன வகை என்று ஒரு சொல்லைப் போட்டு, உருபை அந்தச் சொல்லின் தலையில் ஏற்றிவிடுவது: ‘காடு’ நாவலை, ‘புத்தம் வீடு’ நாவலில், ‘அறம்’ தொகுப்பிலிருந்து, ‘ரப்பர்’ நாவலுக்கு. பெயர் அட்டையில் இருக்கிறபடி அசையாமல் நிற்கிறது, வாக்கியமும் ஓடுகிறது, இது நாவலா படமா என்ற தகவலும் போகிற போக்கில் வாசகருக்குக் கிடைத்துவிடுகிறது. நாவல், படம், சிறுகதை, தொகுப்பு, பாடல் என்று வரும் இந்தச் சொல்லை வகைச்சொல் என்று வைத்துக்கொள்வோம்.

புதிதாகச் செய்தி எழுத வருகிற பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பழக்கத்தைத்தான் சொல்லித்தர முடியும் என்றால் நான் இந்த வகைச்சொல்லைத்தான் தேர்ந்தெடுப்பேன். குறி போட மறந்தால்கூட ‘காடு நாவல்’ என்று இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரே பெயர், இரண்டு மூன்று படைப்புகள்

வகைச்சொல் எவ்வளவு தேவை என்பதற்கு ‘வணங்கான்’ நல்ல உதாரணம். ஜெயமோகனின் ‘அறம்’ தொகுப்பில் ‘வணங்கான்’ என்று ஒரு சிறுகதை இருக்கிறது. அந்தக் கதையில் வணங்கான் என்பது ஒரு மனிதரின் பெயரும்கூட. 2025-ல் பாலா இயக்கி, குமரி மாவட்டத்திலேயே கதை நடப்பதாக ‘வணங்கான்’ என்று ஒரு படம் வந்தது; அதன் கதை வேறு, இந்தச் சிறுகதைக்கும் அதற்கும் தொடர்பில்லை. “வணங்கானைப் பற்றிப் பேசினார்” என்று நாகர்கோவில் கூட்டச் செய்தியில் எழுதிவிட்டுப் போனால் யாரை, எதை என்று யாருக்குத் தெரியும்? மனிதர் என்றால் குறி இல்லாமல் வணங்கான். மற்ற இரண்டும் ‘வணங்கான்’ சிறுகதை, ‘வணங்கான்’ படம்.

இரணியலைக் களமாகக் கொண்ட நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ நாவலும் (1968), பாலு மகேந்திராவின் ‘தலைமுறைகள்’ படமும் (2013) இப்படித்தான், பெயர் மட்டுமே ஒன்று. நாவலைத் தழுவி 2010-ல் வந்த படத்துக்குப் பெயர் ‘மகிழ்ச்சி’. முதல் தடவை சொல்லும்போது ஆசிரியரையோ இயக்குநரையோ ஆண்டையோ சேர்த்துவிட்டால் வம்பே இல்லை.

தொகுப்பும் அதற்குள் இருக்கும் கதையும் ஒரே வரியில் வந்தால் என்ன செய்வது? ஆங்கிலப் புத்தக வழக்கத்தில் பெரியதைச் சாய்த்து, சிறியதற்குக் குறி போட்டுப் பிரிப்பார்கள். நமக்கு ஒரே குறிதான், அதனால் அந்த வேலையையும் வகைச்சொல்லே பார்த்துக்கொள்ளும்: ‘அறம்’ தொகுப்பில் உள்ள ‘யானை டாக்டர்’ சிறுகதை.

குறி வேண்டாத இடங்கள்

திருக்குறள், பைபிள், குர்ஆன் ஆகியவற்றுக்கு வேண்டாம். வேறு எதுவாகவும் யாரும் தவறாக வாசிக்க வழியில்லை. அசோசியேட்டட் பிரஸ் கையேடும் பைபிளுக்கும் அகராதி, கலைக்களஞ்சியம் போன்ற நோக்குநூல்களுக்கும் குறி போடச் சொல்வதில்லை. பத்திரிகைப் பெயர்களுக்கும் அவர்கள் போடுவதில்லை. இங்கே ‘இதழ்’ அல்லது ‘நாளிதழ்’ என்ற வகைச்சொல் பின்னால் இருந்தால் போதும் என்பது என் கருத்து.

பட்டப்பெயருக்குக் குறி வேண்டாம். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை என்று நேராக எழுதலாம், கவிமணி என்பது அவரைக் குறிக்கிறதே தவிர அவர் எழுதிய எதையும் குறிக்கவில்லை. அவருடைய ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ ஒரு படைப்பு, அதற்குக் குறி உண்டு. மருமக்கள்வழி என்பது சொத்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போகும் பழைய வழக்கம், அதற்குக் குறி இல்லை. இவ்வளவு நீளமான பெயரை முதல் தடவை முழுதாக எழுதிவிட்டு, அடுத்த தடவையிலிருந்து ‘மான்மியம்’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் 133 அடி திருவள்ளுவர் சிலைக்கும் குறி தேவையில்லை. ‘திருவள்ளுவர் சிலை’ என்பது அது என்ன என்று சொல்லும் விவரிப்பு. ஒரு சிற்பி தன் சிற்பத்துக்குத் தனியாக ஒரு பெயர் வைத்திருந்தால் அப்போது குறி வரும்.

வில்லுப்பாட்டில் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். வில்லுப்பாட்டு, தோல்பாவைக்கூத்து என்பவை கலை வடிவங்களின் பெயர்கள், குறி இல்லை. கோயில் கொடை விழாவில் பாடப்படும் கதைகள் ஊருக்கு ஊர் சற்று மாறும், பாடுகிறவரைப் பொறுத்து நீளும் குறுகும். ஊர்க்காரர்கள் ‘அம்மன் கதை படிச்சாங்க’ என்று பொதுவாகச் சொன்னால் அதை அப்படியே குறி இல்லாமல் எழுதலாம். பெயர் நிலைத்துவிட்ட கதைப்பாடல் என்றால் போடுங்கள். ‘இரவிக்குட்டிப்பிள்ளை போர்’ என்பது கதைப்பாடல். அது பாடுகிற கணியாகுளத்துச் சண்டை நடந்த வரலாறு, அதற்குக் குறி கிடையாது. இந்த இரண்டையும் கலந்துவிட்டால் பாட்டில் வருவதெல்லாம் வரலாறு என்று ஆகிவிடும்.

ஆக, படைப்புக்கு அதன் ஆக்கியவரோ மரபோ தந்த பெயர் இருந்து, அது வாக்கியத்தோடு கலந்துபோக வழியும் இருந்தால் குறி. கலைவடிவம், பட்டம், விவரிப்பு, நிகழ்ச்சி என்றால் இல்லை.

ஒரு செய்தியைத் திருத்திப் பார்ப்போம்

மாதிரிக்கு ஒன்று எழுதிக்கொள்வோம்:

தக்கலையில் நடந்த வாசகர் கூட்டத்தில் புத்தம் வீடு, காடு பற்றிப் பேசிய ஆசிரியை, தலைமுறைகளை இரணியலுக்குக் கொண்டுபோய் வாசித்தால் அதன் பேச்சு நன்றாகப் புரியும் என்றார்.

புதிதாக வாசிப்பவருக்கு இதில் என்ன தெரியும்? ஆசிரியை ஏதோ புது வீட்டைப் பற்றியும் காட்டைப் பற்றியும் பேசியிருக்கிறார், பிறகு பல தலைமுறை ஆட்களை இரணியலுக்கு அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறார். இப்போது மாற்றுவோம்:

தக்கலையில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, ஜெயமோகனின் ‘காடு’ ஆகிய நாவல்களைப் பற்றி ஆசிரியை பேசினார். “நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ நாவலை இரணியலுக்குக் கொண்டுபோய் வாசித்தால் அதன் பேச்சு நன்றாகப் புரியும்” என்றார்.

இரண்டு நாவல்களுக்கும் சேர்த்து ஒரே வகைச்சொல் போதுமாக இருந்தது, காற்புள்ளி வெளியே நின்றது, ‘தலைமுறைகளை’ என்று உருமாறிக் கிடந்த பெயர் தன் வடிவத்துக்குத் திரும்பியது. ஆசிரியர்களின் பெயரைச் சேர்த்ததில் செய்தி சில சொற்கள் நீண்டது, நீளட்டும்.

அப்புறம் ஒன்று. குறிக்குள் போடுகிற பெயர் நூலின் உள்ளே தலைப்புப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறபடியே இருக்க வேண்டும். ஒற்று மிகுந்திருக்கிறதா, சொற்கள் சேர்ந்திருக்கின்றனவா பிரிந்திருக்கின்றனவா என்று பார்த்து எழுதுங்கள். உங்கள் இலக்கணப்படி ஒரு ‘க்’ வர வேண்டும் என்றாலும் இன்னொருவர் தன் படைப்புக்கு வைத்த பெயரில் அதைச் சேர்க்க நமக்கு உரிமை இல்லை. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் ஓடுகிற மலையாளப் படங்களுக்கும் இதுதான். ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்றால் அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி, பின்னால் ‘மலையாளப் படம்’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.